கிரேக்க நகர அரசுகள்: ஆட்சி, சமூகம், போர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸில் ஜனநாயகம் பிறந்தது, ஸ்பார்ட்டாவில் வீரர்கள் இருந்தார்கள். பழங்கிரேக்கம் பற்றிப் பள்ளிப் பாடம் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளோடு நின்றுவிடுகிறது. யார் ஆண்டார்கள், யாரை ஒதுக்கி வைத்தார்கள், யார் சண்டைக்குப் போனார்கள் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த ஊர்கள் பிடிபடும் என்பது என் எண்ணம். காலையில் சபையில் கை தூக்கியவன்தான் அடுத்த மாதம் கேடயம் தூக்கினான். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் ஆண்டுகள் எல்லாம் கி.மு. என்று கொள்ளவும்.

நகர அரசு என்றால் என்ன? கிரேக்கம் ஒரே நாடாக இல்லையா?

இல்லை. அந்தக் காலத்தில் கிரேக்கம் என்ற நாடே கிடையாது. ஒரு நகரம், அதைச் சுற்றி வயல்கள், ஒலிவத் தோப்புகள், சில கிராமங்கள், கிடைத்தால் ஒரு துறைமுகம். இவ்வளவுதான் ஒரு அரசு. கிரேக்க மொழியில் இதற்குப் போலிஸ் என்று பெயர். இன்றைய கிரேக்கத்தில் மட்டுமல்லாமல் துருக்கியின் மேற்குக் கரை, சிசிலி, தெற்கு இத்தாலி, கருங்கடல் ஓரம் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலிஸ்கள் இருந்தன. ஏதென்ஸின் நிலப்பகுதியான அட்டிக்கா சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதுவே பெரிய அரசுகளில் ஒன்று. பல ஊர்களில் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு ஒரே நாளில் நடந்துவிடலாம்.

மொழி ஒன்று, தெய்வங்கள் ஒன்று, ஒலிம்பியா விழாவுக்கு எல்லோரும் கூடினார்கள். ஆனால் சட்டம், நாணயம், படை, ஏன், மாதங்களின் பெயர்கூட ஊருக்கு ஊர் வேறு.

எல்லா ஊரிலும் ஜனநாயகம்தானா?

அப்படி நினைப்பதுதான் பொதுவான தவறு. சில ஊர்களில் செல்வக் குடும்பங்கள் சில சேர்ந்து ஆண்டன. சில ஊர்களில் ஒருவர் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தார். அவரைக் கிரேக்கர்கள் டைரனோஸ் என்றார்கள். ஆரம்பத்தில் அந்தச் சொல்லுக்குக் கொடுங்கோலன் என்ற பொருள் இல்லை, முறைப்படி வராமல் ஆட்சிக்கு வந்தவர் என்பதுதான் பொருள். ஏதென்ஸை ஆண்ட பைசிஸ்ட்ராட்டஸ் அப்படி வந்தவர்தான்; அவர் காலத்தில் ஊர் செழித்தது என்றே பிற்காலத்தவர்கள் எழுதினார்கள்.

ஆனால் பெரும்பாலான ஊர்களுக்குப் பொதுவாக ஒரு பயம் இருந்தது: அதிகாரம் ஒரே ஆளிடம் தங்கிவிடக் கூடாது. கிரீட் தீவில் டிரெரோஸ் என்ற சின்ன ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டைப் பாருங்கள். 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ஒருவர் தலைமைப் பதவியில் இருந்து இறங்கினால் பத்து ஆண்டுகளுக்கு அதே பதவிக்கு வரக் கூடாது, மீறி வந்தால் அவர் கொடுக்கும் தீர்ப்பு எதுவும் செல்லாது, அபராதமும் உண்டு என்கிறது அது. கிரேக்கத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய சட்டக் கல்வெட்டுகளில் ஒன்று பேசுவதே பதவிக்காலத்தைப் பற்றித்தான்.

ஏதென்ஸில் மக்கள் எப்படி ஆண்டார்கள்?

நேரடியாக. 508-இல் கிளைஸ்தனீஸ் செய்த சீர்திருத்தத்தில் குடிமக்கள் எல்லோரும் பத்துப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலும் கடற்கரைக்காரர், உள்நாட்டுக்காரர், நகரத்தார் மூவரும் கலந்திருக்கும்படி வைத்தார். குடும்பச் செல்வாக்கை வைத்து ஒரு வட்டாரத்தையே கையில் வைத்திருந்த பெரிய வீடுகளின் பிடி இதனால் தளர்ந்தது.

முடிவெடுத்தது மக்கள் சபை. 4-ஆம் நூற்றாண்டில் அது ஆண்டுக்கு 40 முறை பினிக்ஸ் என்ற குன்றில் கூடியது. ‘யார் பேச விரும்புகிறீர்கள்?’ என்று கட்டியக்காரர் கேட்பார். எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம். போர் வேண்டுமா, வரி எவ்வளவு, யாரைத் தூது அனுப்புவது என எல்லாவற்றையும் கைதூக்கித் தீர்மானித்தார்கள். சில முடிவுகளுக்குக் குறைந்தது 6,000 பேர் இருந்தாக வேண்டும்.

கூட்டத்துக்கு வராமல் சந்தையில் கதை பேசிக்கொண்டிருப்பவர்களும் இருந்தார்கள். சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சந்தையிலிருந்து குன்றை நோக்கி அவர்களைத் தள்ளிக்கொண்டு போவார்கள். துணியில் சாயம் பட்டால் மானம் போகும். பிற்பாடு, 403-க்குப் பிறகு, வருகிறவர்களுக்குப் படி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் ஏழைக்கு அது பெரிய விஷயம்.

தேர்தல் நடந்ததா?

மிகக் குறைவு. படைத்தலைவர்கள் பத்துப் பேரை ஆண்டுதோறும் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். பெரிக்கிளீஸ் தொடர்ந்து 15 ஆண்டுகள் அப்படித் தேர்வானவர். மற்ற பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கல்தான். தேர்தல் வைத்தால் பணமும் பெயரும் பேச்சும் உள்ளவர்தான் ஜெயிப்பார், ஆகவே தேர்தல் செல்வந்தர்களுக்குச் சாதகம், குலுக்கலே ஜனநாயகம் என்று அவர்கள் நினைத்தார்கள். அரிஸ்டாட்டிலும் அப்படியே எழுதினார். இன்று நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். எனக்கு அவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

500 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவும் குலுக்கலில் வந்ததுதான், பிரிவுக்கு 50 பேர். வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் இருக்க முடியாது. ஒவ்வொரு பிரிவின் 50 பேரும் ஆண்டில் பத்தில் ஒரு பங்குக் காலம் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அந்த 50 பேரிலிருந்து தினம் ஒருவரைக் குலுக்கித் தலைவராக்கினார்கள். கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அந்த ஒரு பகலும் ஒரு இரவும் அவர் கையில் இருக்கும். மறுநாள் வேறொருவர். ஒலிவ விவசாயியோ குயவரோ ஒரு நாள் ஏதென்ஸின் தலைவராக இருந்திருக்கிறார்.

குலுக்குவதற்கு ஒரு கருவியே இருந்தது. ஆளுயரக் கற்பலகை ஒன்றில் வரிசை வரிசையாக மெல்லிய வெட்டுகள் இருக்கும். ஒவ்வொருவரும் தம் பெயர் பொறித்த வெண்கலத் தகட்டை அதில் செருகுவார்கள். பலகையின் ஓரத்தில் ஒரு குழாய். அதில் கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கலந்து கொட்டி, கீழிருந்து ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்கத் தேர்வு. கறுப்பு விழுந்தால் தகட்டை உருவிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்படி ஒரு பலகையின் பகுதியை ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

நீதிமன்றம் எப்படி இருந்தது?

நீதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆண்டுக்கு 6,000 பேரைக் குலுக்கி எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கைப் பொறுத்து 201 பேர், 501 பேர் என்று உட்கார வைத்தார்கள். வாதியும் பிரதிவாதியும் தாங்களே பேச வேண்டும். பேசும் நேரத்தைத் தண்ணீர்க் கடிகாரம் அளந்தது. அகோராவில் கிடைத்த ஒரு மண்பானைக் கடிகாரத்தில் சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அது வடிந்து முடிய ஆறு நிமிடம்.

வாக்களிக்க ஒவ்வொருவரிடமும் இரண்டு வெண்கல வில்லைகள் தருவார்கள். ஒன்றின் நடுவில் உள்ள அச்சு துளையானது, மற்றது கெட்டியானது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அச்சின் இரண்டு முனைகளையும் மூடிக்கொண்டு போனால், எதை எந்தப் பாத்திரத்தில் போட்டீர்கள் என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. 399-இல் சாக்ரட்டீஸுக்கு மரண தண்டனை கொடுத்ததும் இப்படிக் குலுக்கலில் வந்த சாதாரண மக்கள் மன்றம்தான். அதை மறைக்க வேண்டிய தேவையில்லை.

ஓட்டாஞ்சில்லில் பெயர் எழுதி ஊரைவிட்டு அனுப்புவார்களாமே?

ஆமாம். ஆண்டுக்கு ஒரு முறை, அப்படி ஒரு வாக்கெடுப்பு வேண்டுமா என்று சபை முதலில் கேட்கும். வேண்டும் என்றால், இன்னொரு நாளில் எல்லோரும் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். அனுப்பப்பட்டவர் பத்து ஆண்டு வெளியே இருக்க வேண்டும். சொத்து பறிபோகாது, திரும்பி வந்தால் உரிமைகளும் அப்படியே இருக்கும். குற்றம் செய்ததற்கான தண்டனையாக இதை அவர்கள் வைக்கவில்லை. ஒருவர் அளவுக்கு மீறி வளர்கிறார் என்ற பயத்துக்கு மருந்தாக வைத்தார்கள்.

இதிலும் தில்லுமுல்லு நடந்திருக்கிறது. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் ஏறக்குறைய 190 சில்லுகள் மொத்தமாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டொக்ளீஸ் என்ற ஏதென்ஸ் தலைவரின் பெயர். கையெழுத்தைப் பார்த்தால் 14 பேர் உட்கார்ந்து எழுதியவை. முன்கூட்டியே எழுதி வைத்துக் கூட்டத்தில் விநியோகிக்கத் தயார் செய்த சரக்கு அது.

குடிமகன் என்றால் யார்? மற்றவர்கள் நிலை என்ன?

இங்கேதான் கசப்பு இருக்கிறது. ஏதென்ஸ்காரருக்குப் பிறந்த வயது வந்த ஆண்களுக்கு மட்டுமே குடியுரிமையின் முழுப் பயன். 5-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் 30,000-க்கும் 60,000-க்கும் இடையே இருந்திருப்பார்கள். 451-இல் பெரிக்கிளீஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா மட்டும் போதாது, அம்மாவும் ஏதென்ஸ்காரியாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் அவர் வீட்டுக்கே வந்தது. மிலேட்டஸ் ஊர்ப் பெண்ணான அஸ்பேசியாவிடம் அவருக்குப் பிறந்த மகன் குடிமகனாக முடியவில்லை. கொள்ளைநோயில் மற்ற இரண்டு மகன்களும் இறந்தபின், சபையிடம் கேட்டுத்தான் அவனுக்கு உரிமை வாங்கினார்.

பெண்களுக்குச் சபையில் இடமில்லை. தந்தையோ கணவனோ சகோதரனோ ஒருவர் அவர்களுக்குச் சட்டப்படி பொறுப்பாளராக இருந்தார். சமயத்தில் மட்டும் நிலைமை வேறு. ஊரின் காவல் தெய்வமான அதீனாவின் தலைமைப் பூசாரி ஒரு பெண்தான்.

வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் மெட்டிக்குகள். ஆணுக்கு ஆண்டுக்கு 12 திராக்மா (அன்றைய வெள்ளி நாணயம்) தலைவரி. படையில் சேர வேண்டும், நிலமோ வீடோ வாங்க முடியாது, வாக்கு இல்லை. லிசியாஸ் என்பவரின் குடும்பம் அப்படிப்பட்டது. கேடயத் தொழிற்சாலை வைத்திருந்தார்கள், 120 அடிமைகள் இருந்தார்கள். 404-இல் ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்ற ஏதென்ஸில் முப்பது பேர் கொண்ட கொடுங்குழு ஆட்சியைப் பிடித்தபோது அந்தச் சொத்தைப் பறித்து, அவருடைய அண்ணனைக் கொன்றார்கள். தப்பிய லிசியாஸ், பிறகு நீதிமன்றத்தில் பேச வேண்டிய குடிமக்களுக்கு உரை எழுதிக் கொடுத்துப் பிழைத்தார்.

அடிமைகள் எங்கும் இருந்தார்கள்: வீட்டில், பட்டறையில், வங்கி மேசையில். எரெக்தியான் கோயில் கட்டியபோது வெட்டிய கணக்குக் கல்வெட்டில் குடிமகன், மெட்டிக், அடிமை மூவரும் ஒரே தூணைச் செதுக்கி ஆளுக்கு ஒரு திராக்மா நாள்கூலி பெற்றது பதிவாகியிருக்கிறது; அடிமையின் கூலி பெரும்பாலும் எஜமானனுக்குத்தான் போயிருக்கும். அது நல்ல பக்கம். லாரியான் வெள்ளிச் சுரங்கத்தில் குனிந்தே போக வேண்டிய குகைகளில் விளக்கொளியில் பாறை வெட்டியவர்களும் அடிமைகள்தான். அங்கிருந்து வந்த வெள்ளிதான் ஏதென்ஸின் நாணயம்.

ஸ்பார்ட்டாவில் ஆட்சி எப்படி?

இரண்டு அரச குடும்பங்கள், ஒரே நேரத்தில் இரண்டு மன்னர்கள். அவர்களோடு 60 வயது கடந்த 28 பேர் சேர்ந்த மூத்தோர் அவை. ஆண்டுதோறும் மாறும் எபோர்கள் என்ற ஐந்து அதிகாரிகள் மன்னரையே விசாரிக்கலாம். மூத்தோரைத் தேர்ந்தெடுக்கும் விதம் விசித்திரமானது. வேட்பாளர்கள் ஒவ்வொருவராக மக்கள் முன்னால் வருவார்கள். மக்கள் கூச்சல் போடுவார்கள். பக்கத்தில் அடைத்த அறையில் உட்கார்ந்திருக்கும் சிலர், யார் வருகிறார் என்று தெரியாமல், எந்தக் கூச்சல் பெரிது என்று குறிப்பார்கள். இது சிறுபிள்ளைத்தனம் என்றார் அரிஸ்டாட்டில்.

ஏழு வயதில் பையன்களை வீட்டிலிருந்து எடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வளர்ந்தபின் பொதுப் பந்தியில் சாப்பாடு. அதற்கு மாதாமாதம் வாற்கோதுமை, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால் குடியுரிமையே போய்விடும்.

அப்படியானால் வயலில் வேலை செய்தது யார்?

ஹெலட்டுகள். ஸ்பார்ட்டா வென்று அடிமைப்படுத்திய லக்கோனியா, மெசீனியா மக்கள். அவர்கள் உழுததால்தான் ஸ்பார்ட்டாக்காரன் நாள் முழுக்கப் பயிற்சி செய்ய முடிந்தது. எண்ணிக்கையில் அவர்களே அதிகம், அதனால் ஆண்டவர்கள் எப்போதும் பயத்திலேயே இருந்தார்கள். எபோர்கள் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மேல் சடங்காகப் போர் அறிவிப்பார்கள். பிறகு ஒரு ஹெலட்டைக் கொன்றால் பாவம் ஒட்டாது என்று கணக்கு.

அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொல்லும் ஒரு சம்பவம் என்னால் மறக்க முடியாதது. போரில் ஊருக்கு மிகச் சிறப்பாக உழைத்தவர்களை நீங்களே சொல்லுங்கள், விடுதலை தருகிறோம் என்று ஹெலட்டுகளிடம் அறிவித்தார்கள். சுமார் 2,000 பேர் தேர்வானார்கள். தலையில் மாலை சூடி, விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த 2,000 பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. துணிச்சல் உள்ளவன் யார் என்று கண்டுபிடிக்கத்தான் அந்த அறிவிப்பு.

ஸ்பார்ட்டாப் பெண்களுக்குச் சுதந்திரம் அதிகமா?

ஏதென்ஸோடு ஒப்பிட்டால் ஆமாம். ஓட்டம், மல்யுத்தம் பயின்றார்கள், சொத்து அவர்கள் பெயரில் இருந்தது. அரிஸ்டாட்டில் காலத்தில் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம். ஆனால் அங்கேயும் வாக்கு கிடையாது. அந்த நிலங்களில் உழுததும் ஹெலட்டுகள்தான்.

தரைப்போர் எப்படி நடந்தது?

ஹாப்ளைட் என்ற கேடய வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து பல வரிசைகளாக நிற்பார்கள். கேடயம் வட்டமானது, சுமார் 90 சென்டிமீட்டர் அகலம், ஏறக்குறைய ஏழு கிலோ. நடுவில் உள்ள வளையத்தில் இடது முன்கையை முழங்கை வரை நுழைத்து, ஓரத்தில் உள்ள பிடியைப் பிடிக்க வேண்டும். இப்படிப் பிடித்தால் கேடயத்தின் பாதி உங்களுக்கு இடப்பக்கம் நிற்பவனைத்தான் மறைக்கும். உங்கள் வலப்பக்கத்தைக் காப்பது வலது பக்கத்துக்காரனின் கேடயம். அதனால்தான் படை முன்னேறும்போது ஒவ்வொருவரும் வலப்பக்கத்துக்காரனை ஒட்டிக்கொள்ளப் பார்க்க, படை முழுவதும் மெல்ல வலப்பக்கம் சாயும். 418-இல் மாண்டினியா போரைச் சொல்லும்போது துசிடிடீஸ் இதை விளக்குகிறார்.

கேடயம், ஈட்டி, தலைக்கவசம் எல்லாம் சொந்தக் காசில். வாங்க வசதி உள்ள விவசாயிதான் வரிசையில் நின்றான். உயிரைக் கொடுக்க நான் வேண்டும், முடிவெடுக்க மட்டும் நான் வேண்டாமா என்று அவன் கேட்க ஆரம்பித்தபோதுதான் பல ஊர்களில் பிரபுக்களின் பிடி தளர்ந்தது. வரலாற்றாய்வாளர்கள் இதன் அளவைப் பற்றி வாதாடுகிறார்கள். அடிப்படை சரி என்றே நான் நினைக்கிறேன்.

கேடயம் வாங்கக் காசில்லாதவன்?

அவன் துடுப்பு பிடித்தான். 483-இல் லாரியானில் புதிய வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோது, தெமிஸ்டொக்ளீஸ் எழுந்து, கப்பல் கட்டுவோம் என்று சபையைச் சம்மதிக்க வைத்தார். மூன்றே ஆண்டில் பாரசீகப் படை வந்து நகரத்தைக் கொளுத்தியது. சலாமிஸ் நீரிணையில் ஏறக்குறைய 200 ஏதென்ஸ் கப்பல்கள் நின்றன. அங்கே கிடைத்த வெற்றிதான் எல்லாவற்றையும் மாற்றியது.

மூவடுக்குக் கப்பலில் 170 துடுப்புக்காரர்கள், மொத்தம் 200 பேர். நீளம் 37 மீட்டர் அளவு. படுக்க இடமில்லை, சமைக்க இடமில்லை; பெரும்பாலும் இரவில் கரையேற வேண்டும். ஆளுக்கு ஒரு துடுப்பு, அதைக் கட்டும் வார், உட்கார ஒரு மெத்தை. சினிமாவில் வருவதுபோல இவர்கள் சங்கிலியில் கட்டிய அடிமைகள் அல்லர். பெரும்பாலும் சம்பளம் வாங்கிய சுதந்திர மனிதர்கள், அதிலும் ஏதென்ஸின் ஏழைக் குடிமக்கள். நெருக்கடியில் அடிமைகளையும் ஏற்றியதுண்டு. கடற்படை ஊரைக் காத்தபின் ஏழையின் குரலை ஒதுக்க யாராலும் முடியவில்லை. அந்தக் கப்பலைக் கட்டிய வெள்ளி அடிமை வெட்டியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தெர்மோபைலேயில் 300 பேர்தானா?

480-இல் பாரசீகப் படையைத் தடுக்க அந்தக் கணவாயில் தொடக்கத்தில் சுமார் 7,000 கிரேக்கர்கள் இருந்தார்கள். கடைசி நாளில் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடஸின் 300 வீரர்களோடு தெஸ்பியே ஊரின் 700 பேரும் தாங்களாகவே தங்கிச் செத்தார்கள். தீப்ஸ் ஊர்க்காரர்களும் ஹெலட்டுகளும் இருந்தார்கள். தெஸ்பியே சின்ன ஊர். அதன் வீரர்கள் மொத்தப் பேருமே அந்த 700-ஆக இருக்கலாம். அவர்கள் பெயரையும் சொல்லுங்கள்.

மக்களே ஆண்டார்கள் என்றால் நியாயமாக நடந்தார்களா?

சொந்த ஊரில் ஓரளவு. மற்ற ஊர்களிடம் இல்லை. பாரசீகருக்கு எதிராக 478-இல் தொடங்கிய கூட்டணியின் நிதியை 454-இல் ஏதென்ஸுக்கே மாற்றிக்கொண்டார்கள். கூட்டாளி ஊர்கள் கப்பம் கட்டும் ஊர்களாகிவிட்டன.

427-இல் லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி கலகம் செய்து தோற்றது. கோபத்தில் இருந்த சபை, ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்க வேண்டும் என்று தீர்மானித்துக் கப்பலும் அனுப்பிவிட்டது. மறுநாள் பலருக்கு மனம் உறுத்தியது. மீண்டும் கூடினார்கள். கிளியோன் தண்டனை வேண்டும் என்றார், டயோடோட்டஸ் வேண்டாம் என்றார். கைகள் ஏறக்குறைய சமமாக எழுந்து, டயோடோட்டஸ் பக்கம் கொஞ்சம் அதிகம் விழுந்தது.

முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் முந்திப் போயிருந்தது. இரண்டாவது கப்பலில் இருந்தவர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே வாயில் போட்டுக்கொண்டார்கள். பாதிப்பேர் தூங்க, பாதிப்பேர் வலித்தார்கள். முதல் கப்பல் இந்தக் கொடிய வேலைக்கு அவசரப்படாமல் போனதும் உதவியது. தளபதி ஆணையைப் படித்து முடித்து நிறைவேற்றப் போகிற நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை தொட்டது. ஊர் பிழைத்தது. ஆனாலும் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். 416-இல் மீலோஸ் தீவுக்கு அப்படி எந்த இரண்டாவது கப்பலும் போகவில்லை.

சொந்தத் தளபதிகளிடமும் அப்படித்தான். 406-இல் அர்கினூசேயில் கடற்போரை வென்றும், புயலில் தத்தளித்த தங்கள் ஆட்களை மீட்கவில்லை என்று ஆறு தளபதிகளை ஒரே வாக்கில் கொன்றார்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்று எதிர்த்தவர் சாக்ரட்டீஸ்; அன்று அவர் நிர்வாக ஐம்பதில் ஒருவர். கொல்லப்பட்டவர்களில் ஒருவர், பெரிக்கிளீஸ் சபையிடம் கெஞ்சிக் குடியுரிமை வாங்கித் தந்த அந்த மகன்.

சங்கப் பாடல்களில் வரும் யவனர் இவர்கள்தானா?

சொல் அங்கிருந்து வந்தது. மிலேட்டஸ், எபேசஸ் போன்ற கிரேக்க ஊர்கள் இருந்த கரை அயோனியா. பாரசீகர் அதை யௌன என்றார்கள், வடமொழியில் யவன, தமிழில் யவனர். ஆனால் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர், நகர அரசுகளின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர்கள், ரோமப் பேரரசின் வணிகத்தைச் சேர்ந்தவர்கள்.

இதெல்லாம் எப்படி முடிந்தது?

ஸ்பார்ட்டா ஆள் இல்லாமல் தேய்ந்தது. 480-இல் சுமார் 8,000 முழுக் குடிமக்கள் இருந்த ஊர், 371-இல் லியூக்ட்ரா போருக்கு 700 பேரைத்தான் அனுப்பியது. அவர்களில் 400 பேரைத் தீப்ஸின் எபமினோண்டஸ் படை கொன்றது. அடுத்த ஆண்டுகளில் மெசீனியா விடுதலை பெற்றது. உழுது போட ஹெலட்டுகள் போனதும் ஸ்பார்ட்டா சாதாரண ஊராகிவிட்டது.

ஏதென்ஸ் 404-இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்றும் அடுத்த ஆண்டே ஜனநாயகத்தை மீட்டது. 338-இல் கெரோனியாவில் வடக்கே இருந்த மாசிடோனியாவின் மன்னர் பிலிப்பிடம் தோற்றபின்னும் சபை கூடிக்கொண்டுதான் இருந்தது. 322-இல் அமோர்கோஸ் தீவருகே அதன் கடற்படை நொறுங்கியது. அதே ஆண்டு மாசிடோனியத் தளபதி ஆன்டிபேட்டர் ஒரு நிபந்தனை போட்டார்: 2,000 திராக்மா சொத்து உள்ளவனுக்குத்தான் இனி வாக்கு. மிஞ்சியவர்கள் 9,000 பேர். கப்பல்கள் போன அதே ஆண்டில், துடுப்பு பிடித்தவர்களின் வாக்கும் போனது.